நிலத்துக்குப் போகும் பணம் யார் கைக்குப் போகிறது?

விவசாய நிலத்தின் விலையையும், அதில் விளைந்ததை விற்று எல்லாச் செலவும் போக நிற்கும் மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பல நாடுகளில் கணக்கு இடிக்கும். நிலத்தை விற்று அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் வருகிற வட்டி, வெயிலிலும் மழையிலும் நின்று பயிர் செய்து எடுக்கும் லாபத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். இருந்தும் யாரும் லேசில் விற்பதில்லை, வாங்கவோ ஆளுக்குப் பஞ்சமில்லை. மண் மேல் உள்ள பற்று என்று சொல்லி இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பற்று இருக்கிறதுதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் கணக்குக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளாமல் விவசாயிக்கு உதவி, மானியம், நிலச் சீர்திருத்தம் என்று பேசப்போனால் பேச்சு பாதியிலேயே தடம் மாறிவிடும்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நிலத்தின் சொந்தக்காரரும் அதில் பயிர் செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் 2014-ல் அரசு எடுத்த கணக்குப்படி விவசாய நிலத்தில் ஏறத்தாழ 39 சதவீதம் குத்தகையில் ஓடியது. அப்படிக் குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தில் சுமார் 80 சதவீதம் தாங்களே பயிர் செய்யாத ஆட்களின் கையில் இருந்தது. ஓய்வு பெற்றவர்கள், கணவனை இழந்த பெண்கள், நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகள், குடும்ப அறக்கட்டளைகள். நாம் படத்தில் பார்க்கும் 'அமெரிக்க விவசாயி' தன் டிராக்டரை ஓட்டும் மண்ணில் பெரும்பகுதி இன்னொருவருடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இங்கேதான் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ வருகிறார். 1815-ல் இங்கிலாந்து வெளிநாட்டுத் தானியத்தைத் தடுக்கச் சட்டம் போட்ட சமயத்தில், உள்நாட்டுத் தானிய விலை ஏன் இவ்வளவு அதிகம் என்ற சண்டை நடந்தது. குத்தகை ஏறிவிட்டது, அதனால்தான் விலை ஏறுகிறது என்பது அன்றைய பொதுவான நம்பிக்கை. ரிக்கார்டோ அதைத் தலைகீழாகத் திருப்பினார்: தானிய விலை ஏறியதால்தான் குத்தகை ஏறுகிறது.

எப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரே அளவுள்ள மூன்று துண்டுகள் இருக்கின்றன. ஒரே உழைப்புக்கு, ஒரே செலவுக்கு முதல் துண்டு 30 மூட்டை தருகிறது, இரண்டாவது 20, மூன்றாவது 15. செலவு என்பது கூலி, விதை, பயிர் செய்பவரின் நியாயமான வருமானம் எல்லாம் சேர்த்து 15 மூட்டைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது துண்டில் வரவும் செலவும் சரியாகப் போய்விடும், அதற்கு யாரும் குத்தகை தரமாட்டார்கள். ஆனால் முதல் துண்டை எடுக்க 15 மூட்டை வரை தரப் போட்டி இருக்கும், இரண்டாவதற்கு 5 மூட்டை. இப்போது தானிய விலை ஏறி, அதே செலவை 12 மூட்டை விற்றே ஈடுகட்டிவிடலாம் என்று ஆகி, முன்பு தரிசாகக் கிடந்த, 12 மூட்டை மட்டுமே தரும் நான்காவது துண்டிலும் பயிர் செய்வது கட்டுப்படியாகிவிட்டது என்றால், முதல் துண்டின் குத்தகை 18 மூட்டையாகிவிடும், இரண்டாவது 8, மூன்றாவதற்குக்கூட 3. முதல் துண்டின் சொந்தக்காரர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை. மூட்டைக் கணக்கிலும் கூடுதல், ஒவ்வொரு மூட்டைக்கும் விலையும் கூடுதல். (இதையெல்லாம் எழுதிய ரிக்கார்டோ பங்குச் சந்தையில் சம்பாதித்துப் பெரிய எஸ்டேட் வாங்கியவர் என்பது தனி வேடிக்கை.) அந்தத் தானியச் சட்டம் 1846-ல்தான் ஒழிந்தது.

இந்தத் தர்க்கம் இருநூறு வருஷம் கழித்தும் செத்துப்போகவில்லை, ஏனென்றால் அதன் அடிப்படை எளிமையானது: உரத்தை இன்னும் தயாரிக்கலாம், டிராக்டரை இன்னும் தயாரிக்கலாம், நல்ல நிலத்தைத் தயாரிக்க முடியாது. ஆகவே விவசாயத்துக்குள் வரும் எந்தக் கூடுதல் லாபமும், அது விலை உயர்வாக இருந்தாலும் புது விதையாக இருந்தாலும் அரசு மானியமாக இருந்தாலும், கொஞ்ச காலத்தில் நிலத்தின் குத்தகைக்குள்ளும் விலைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளப் பார்க்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தால், அந்த ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டு வருகிற இரண்டு பேருக்குமே அந்தத் தொகை தெரியும். ஒருவர் கொஞ்சம் கூட்டிக் கேட்பார், மற்றவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார், கடைசியில் அது சொந்தக்காரரிடம் போய்ச் சேரும். நியூசிலாந்து 1984-ல் விவசாய மானியங்களைச் சட்டென்று எடுத்தபோது விவசாய நிலத்தின் விலை விழுந்தது. அதுவரை கொடுத்த மானியத்தில் ஒரு பகுதி எங்கே போய்த் தங்கியிருந்தது என்பது அந்த வீழ்ச்சியிலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் கோட்பாடு சொல்கிற அளவுக்கு நடைமுறை சுத்தமாக இல்லை, இதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மானியங்களை வைத்து பாரெட் கிர்வன் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு டாலரிலும் ஏறத்தாழ கால் பங்குதான் குத்தகை உயர்வாகச் சொந்தக்காரருக்குப் போகிறது என்று வந்தது. மீதி? குத்தகை ஒப்பந்தங்கள் வருஷா வருஷம் பேரம் பேசி மாற்றப்படுவதில்லை, பல குத்தகைகள் சொந்தபந்தத்துக்குள்ளேயே நடக்கின்றன, ஒரு வட்டாரத்தில் இருநூறு ஏக்கரைச் சேர்த்து ஓட்டக்கூடிய கருவியும் பணமும் உள்ள ஆட்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். போட்டி குறைந்தால் குத்தகைக்காரரின் கை ஓங்கும். ஆக மானியம் யாருக்குப் போகும் என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்த இடத்தில் யாருக்கு யாரை விட்டால் வேறு வழி இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு நிலம் வருஷம் 100 குத்தகை தருகிறது, வட்டி 5 சதவீதம் என்றால், அதன் விலை 2000 இருக்க வேண்டும். இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் குத்தகை வருஷா வருஷம் 3 சதவீதம் ஏறும் என்று வாங்குகிறவர் நம்பினால், வட்டியில் அந்த 3-ஐக் கழித்துவிட்டு 2 சதவீதத்தால் வகுக்க வேண்டும். விலை ஒரேயடியாக 5000 ஆகிவிடும். இன்றைய விளைச்சலில் ஒரு மணி கூடவில்லை. எதிர்பார்ப்பு மட்டும்தான் மாறியது. அதோடு, பக்கத்தில் சாலை வரலாம், மனைப்பிரிவு வரலாம், பணவீக்கம் வந்தாலும் நிலம் கரையாது, வரி குறைவு, அடமானம் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் விளைச்சலுக்கும் விலைக்கும் இருந்த கொஞ்சநஞ்ச உறவும் அறுந்துபோகும்.

வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1992 முதல் விவசாய நிலத்துக்குப் பெரும்பாலும் முழு வாரிசுரிமை வரிவிலக்கு இருந்தது, அதனால் பயிரைப் பற்றி ஒன்றுமே தெரியாத பணக்காரர்களும் நிலம் வாங்கினார்கள். 2024 அக்டோபரில் அந்தச் சலுகைக்கு வரம்பு கட்டப்போவதாக அரசு அறிவித்ததும் விவசாயிகள் லண்டனில் திரண்டார்கள். இரண்டு பக்கமும் ஓரளவு நியாயம் இருந்தது: விலை ஏற அந்தச் சலுகையும் ஒரு காரணம், ஆனால் விலை ஏறியபிறகு காகிதத்தில் கோடீஸ்வரராகவும் கையில் காசில்லாதவராகவும் இருக்கும் விவசாயக் குடும்பங்கள் உண்மையாகவே இருக்கின்றன. இந்தியாவில் விவசாய வருமானம் மத்திய அரசின் வருமான வரிக்குள் வருவதில்லை என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. பில் கேட்ஸ் நிலம் வாங்கிக் குவிக்கிறார் என்ற கூச்சல் பெரிது. அவர் கையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட சுமார் 2.4 லட்சம் ஏக்கர், அமெரிக்காவின் மொத்த விவசாய நிலத்தில் பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட வராது. உண்மையான அழுத்தம் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான வெளி வருமானக்காரர்களிடமிருந்து வருகிறது.

விளைவு என்ன? விவசாய லாபத்தை வைத்து நிலம் வாங்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம் ஆகிவிடுகிறது. ஏற்கெனவே நிலம் உள்ளவர் அதை அடமானம் வைத்து இன்னும் வாங்கலாம், வாரிசாகப் பெறலாம், வெளியில் சம்பாதித்துக் கொண்டுவரலாம். புதிதாக வருகிறவருக்குக் குத்தகைதான் ஒரே வாசல். அதனால்தான் குத்தகையின் விதிமுறைகளை ஏதோ சட்டப் பிரிவுச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது, யார் விவசாயி ஆகலாம் என்பதே அங்கேதான் முடிவாகிறது.

குத்தகையில் இரண்டு பெரிய வகை. ஒன்று நிலையானது: விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு. மற்றொன்று வாரம்: விளைச்சலில் பங்கு, பல இடங்களில் பாதிக்குப் பாதி. வாரத்தைப் பொருளாதார அறிஞர்கள் ரொம்ப நாளாகத் திட்டி வந்திருக்கிறார்கள். காரணம் லேசானது. இன்னொரு முறை களை எடுக்க 10 செலவாகும், அதனால் 18-க்குக் கூடுதலாக விளையும் என்றால், சொந்த நிலத்தில் யாரும் யோசிக்காமல் செய்வார்கள். பாதி வாரத்தில் இருப்பவருக்கு அந்த 18-ல் 9 மட்டுமே. 10 போட்டு 9 எடுக்க அவர் முட்டாள் இல்லை. ஆடம் ஸ்மித் இதைச் சொன்னார், ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் முறையாக விளக்கினார். 1969-ல் ஸ்டீவன் சுங் இதை மறுத்தார்: சொந்தக்காரர் என்ன சும்மாவா இருப்பார், எவ்வளவு வேலை, எவ்வளவு உரம் என்று ஒப்பந்தத்திலேயே பேசிவிட மாட்டாரா?

பேசலாம். ஆனால் கண்காணிக்க முடியுமா? இதற்கு நான் பார்த்ததிலேயே அழகான சோதனை ராத்வான் ஷபான் 1987-ல் வெளியிட்டது. இந்தியாவின் சில கிராமங்களில், தன் சொந்த நிலத்தையும் வாரத்துக்கு எடுத்த நிலத்தையும் சேர்த்துப் பயிர் செய்கிறவர்களை எடுத்துக்கொண்டார். ஒரே ஆள், அதே திறமை, அதே மாடு. மண் தரத்தையும் பாசனத்தையும் கழித்துப் பார்த்த பிறகும், வார நிலத்தில் விளைச்சல் சுமார் 16 சதவீதம் குறைவு. போட்ட உழைப்பும் இடுபொருளும் வகைக்குத் தக்கபடி 19 முதல் 55 சதவீதம் வரை குறைவு. நிலையான குத்தகைக்கு எடுத்த நிலத்தில் இப்படிப்பட்ட வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. மார்ஷல் ஜெயித்தார் என்றே சொல்லலாம்.

அப்படியென்றால் வாரம் ஏன் இன்னும் சாகவில்லை? ஏனென்றால் அது ஒரு இன்சூரன்ஸ். மழை பொய்த்தால் நிலையான குத்தகைக்காரர் கடனில் மூழ்குவார், வாரக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் சேர்ந்தே குறைந்துவிடும். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1974-ல் காட்டியது இதைத்தான்: உழைப்புக்கான தூண்டுதலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்பணம் கட்ட வக்கில்லாதவருக்கும் அறுவடைக்குப் பிறகு பங்கு தரும் ஏற்பாடு கைகொடுக்கிறது. பயிர்க் காப்பீடும் கடனும் ஒழுங்காகக் கிடைக்காத இடத்தில் வாரத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க நினைப்பது, காரணத்தை விட்டுவிட்டு அறிகுறியை அடிப்பதுதான். பாதியா, மூன்றில் ஒன்றா, முக்காலா என்ற விகிதம் மட்டும் வேறு விஷயம். அது பேரம் பேசும் பலம். மேலே சொன்னேனே, யாருக்கு வேறு வழி இருக்கிறது என்பது.

பங்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது காலம். அடுத்த வருஷமும் இந்த நிலம் என்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் உடனே பலன் தரும் உரம் போடுவார், பல வருஷம் மண்ணைத் தேற்றும் சுண்ணாம்பு போடமாட்டார். காய்கறி போடுவார், மரம் வைக்கமாட்டார். கானாவின் அக்வாப்பிம் பகுதியில் கோல்ட்ஸ்டீனும் உட்ரியும் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு கோணத்தில் காட்டியது. அங்கே மண் வளம் திரும்ப நிலத்தைச் சில வருஷம் தரிசாகப் போட வேண்டும். ஆனால் குலத்துக்குப் பொதுவான நிலத்தைச் சும்மா போட்டு வைத்தால், இவருக்குத் தேவையில்லை போலிருக்கிறது என்று வேறு யாருக்காவது போய்விடும் ஆபத்து உண்டு. உள்ளூர் அதிகாரத்தில் இருப்பவர்கள் தைரியமாகத் தரிசு போட்டார்கள், நல்ல விளைச்சல் எடுத்தார்கள். அந்தச் செல்வாக்கு இல்லாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிலத்தை விட்டுக்கொடுக்கப் பயந்து மண் களைக்கக் களைக்கப் பயிர் செய்தார்கள். உரிமை உறுதியாக இல்லாததன் விலையை மண் கட்டுகிறது.

இங்கிலாந்து இதற்கு ஒரு நேரடி வழி கண்டது. குத்தகைக்காரர் வெளியேறும்போது, அவர் செய்த மேம்பாட்டில் இன்னும் மிச்சமிருக்கும் மதிப்புக்குச் சொந்தக்காரர் ஈடு தர வேண்டும் என்று 1875-ல் சட்டம் வந்தது, அதில் நழுவ வழி இருந்ததால் 1883-ல் கட்டாயமாக்கினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 1948-ல் ஆயுள்காலப் பாதுகாப்பு, 1976-ல் வாரிசுகளும் அடுத்தடுத்து அதே குத்தகையைத் தொடரலாம் என்று போய், மூன்று தலைமுறைக்கு நிலத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற நிலை வந்தபோது சொந்தக்காரர்கள் புதிதாகக் குத்தகைக்கு விடுவதையே நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கோட்டை, வெளியே நின்றவர்களுக்குக் கதவே இல்லை. 1995-ல் எல்லாவற்றையும் தளர்த்தினார்கள். நிலம் சந்தைக்கு வந்தது, ஆனால் புதிய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கும் குறைவானவை. மரம் வைக்கவும் மண்ணைத் தேற்றவும் அது போதாது.

பாதுகாப்பு கூடினால் இருப்பவருக்கு நல்லது, வரப்போகிறவருக்குக் கெட்டது. இந்த இழுபறியின் முழுக் கதையும் இந்தியாவில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 'உழுபவனுக்கே நிலம்' என்று மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் வந்தன. எழுத்தில் குத்தகை இருந்தால் தங்கள் உரிமை போய்விடும் என்று தெரிந்த சொந்தக்காரர்கள், பல இடங்களில் சட்டம் அமலுக்கு வருமுன்பே குத்தகைக்காரர்களை வெளியேற்றிவிட்டார்கள். கேரளத்தில் விதிவிலக்காக, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிக்கப்பட்டு லட்சக்கணக்கான குத்தகைக்காரர்கள் சொந்தக்காரர் ஆனார்கள், இது உண்மையான சாதனை. ஆனால் சட்டப்படி இல்லாமல்போன குத்தகை அங்கேயும் வாய்மொழியாகத் திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் நிலம் ஓரிடத்திலும் அதை உழ விரும்புகிற கை வேறிடத்திலும் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது.

வாய்மொழிக் குத்தகையின் பிரச்சினை அரசுப் பணம் வரும்போது வெளியே தெரியும். பயிர்க் கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாமே பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் முதலில் தேடுகின்றன. 2018-ல் தெலங்கானா கொண்டுவந்த ரைது பந்து திட்டம் ஏக்கர் கணக்கில் பணத்தைப் பட்டாதாரரின் கணக்கில் போட்டது, குத்தகைக்காரர் பட்டியலிலேயே இல்லை. அடுத்த வருஷம் மத்திய அரசு தொடங்கிய வருஷத்துக்கு 6000 ரூபாய்த் திட்டமும் நிலம் உள்ள குடும்பங்களுக்குத்தான். இங்கே ரிக்கார்டோவின் சுற்றுவழிகூடத் தேவைப்படவில்லை, பணம் நேராகவே சொந்தக்காரரிடம் போய்விடுகிறது. ஆந்திரா 2019-ல் குத்தகைக்காரர்களுக்கு 11 மாத அட்டை தரச் சட்டம் செய்தது, ஆனால் அதற்குச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும் என்று அந்தச் சட்டம் வைத்தது. எந்தச் சொந்தக்காரர் தன் நிலத்துக்கு இன்னொருவர் பெயரை எழுத்தில் தர மனமுவந்து வருவார்? பழைய சட்டங்களின் பயம் இன்னும் போகவில்லை.

வேலை செய்த முயற்சியும் ஒன்று இருக்கிறது. மேற்கு வங்கத்தில் வாரக்காரருக்கு முக்கால் பங்கு (இடுபொருளைச் சொந்தக்காரர் தந்தால் பாதி) என்று சட்டம் முன்பே இருந்தது, யாரும் மதிக்கவில்லை. 1978-ல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா புதுச் சட்டம் எதையும் பெரிதாகக் கொண்டுவரவில்லை. அதிகாரிகள் கிராமத்துக்கே போய், வாரக்காரர்களைக் கூட்டி, பெயரைப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். பானர்ஜி, கெர்ட்லர், கடக் மூவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, இதனால் விளைச்சல் கூடியது என்று காட்டியது. நிலம் கைமாறவே இல்லை. பேரம் பேசும் பலம் மட்டும் கைமாறியது.

சீனா இன்னும் ஒரு படி மேலே. 1978-க்குப் பிறகு அங்கே கூட்டுப் பண்ணைகளைக் கலைத்துக் குடும்பங்களுக்குப் பொறுப்பைக் கொடுத்தபோது, நிலம் கூட்டுச் சொத்தாகவே இருந்தது, இன்றும் அப்படித்தான். ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்த பிறகு மிச்சமெல்லாம் குடும்பத்துக்கு என்பது மட்டும்தான் மாற்றம். ஜஸ்டின் லின்னின் கணக்குப்படி 1978 முதல் 1984 வரையிலான விளைச்சல் வளர்ச்சியில் ஏறத்தாழ பாதிக்கு இதுவே காரணம். அப்புறம் ஒப்பந்தக் காலத்தை 1984-ல் 15 வருஷமாகவும் 1993-ல் மேலும் 30 வருஷமாகவும் நீட்டினார்கள். சொந்தப் பத்திரம் இல்லாமலேயே கடைசி மூட்டை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. பத்திரம் கொடுப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்: ருவாண்டா சில வருஷங்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளை அளந்து பதிவு செய்தது, மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகளில் ஜனங்கள் கூடுதலாக இறங்கினார்கள். பத்திரம் வந்தால் வங்கிக் கடன் தானாக வரும் என்ற வாக்குறுதிதான் பல நாடுகளில் பொய்த்தது. அரை ஏக்கரை ஏலம் விட்டுக் கடனை வசூலிக்க எந்த வங்கிக்கும் ஆசை இல்லை.

கடைசியாக ஜப்பான். போருக்குப் பிறகு 1946-ல் தொடங்கிய சீர்திருத்தத்தில், ஊரில் இல்லாத சொந்தக்காரர்களின் குத்தகை நிலம் முழுவதையும், ஊரில் இருப்பவர்களின் குத்தகை நிலத்தில் ஒரு ஹெக்டேருக்கு மேல் இருந்ததையும் (ஹொக்கைடோவில் வரம்பு நான்கு) அரசே வாங்கிக் குத்தகைக்காரர்களுக்கு விற்றது. ஈடாகத் தந்த அரசுக் கடன் பத்திரங்களின் மதிப்பைப் பணவீக்கம் தின்றுவிட்டது. குத்தகை நிலம் மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, சில வருஷத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. உலகத்தில் இவ்வளவு சுத்தமாக நடந்த நிலச் சீர்திருத்தங்கள் குறைவு. அதைப் பாதுகாக்க 1952-ல் நில விற்பனைக்கும் குத்தகைக்கும் கடும் கட்டுப்பாடு போட்டார்கள். பிறகு பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், சின்னச் சின்னத் துண்டுகள் அப்படியே நின்றன, என்றாவது சாலைக்கோ கட்டடத்துக்கோ நல்ல விலைக்குப் போகும் என்று யாரும் விற்கவும் இல்லை, திரும்ப வராது என்று பயந்து நீண்ட குத்தகைக்கு விடவும் இல்லை. முழுநேர விவசாயிகளின் சராசரி வயது இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறது. 2014-ல் அரசு ஒவ்வொரு மாகாணத்திலும் ஓர் இடைநிலை அமைப்பை உருவாக்கியது: முதியவர்களின் துண்டுகளை அதுவே குத்தகைக்கு எடுத்து, சேர்த்து, பயிர் செய்ய ஆர்வமுள்ளவர்களுக்குப் பல வருஷக் குத்தகைக்கு விடுகிறது.